மாமியார் வீட்டு நடை

நான் ரெட்டைப் பிள்ளை பெற்றவள். எங்கள் பக்கத்தில் அதற்கென்று ஒரு மவுசு உண்டு. ரெட்டைப் பிள்ளை பெற்றவள் கையால் நீவிவிட்டால் சுளுக்கு நிற்காமல் ஓடிவிடும் என்பார்கள். எர்ணாவூர் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் நாங்கள் குடிவந்த முதல் வாரம், என் பெண்கள் இருவரும் ஒரே மாதிரி கவுன் போட்டுக்கொண்டு படியிறங்கியதை ஒரு மீன்காரம்மா பார்த்துவிட்டார். திருப்ப முடியாத கழுத்தோடு நேராக மாடி ஏறி வந்து என் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். எலும்பையும் தசையையும் கலர் சாக்பீஸில் வரைந்து பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைப்பவள். இதெல்லாம் சும்மா பேச்சு, ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி எடுத்து வந்தேன். மறுநாள் அந்த அம்மாவுக்குக் கழுத்து திரும்பியது. நான் தொடாமல் இருந்திருந்தாலும் இரண்டு நாளில் திரும்பியிருக்கும். ஆனால் அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு பேராவது வர ஆரம்பித்தார்கள். தண்ணீர் லாரி வந்தால் என் குடத்தை முன்னால் வைக்க விட்டார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததற்கெல்லாம் இதுதான் வேர்.

சுளுக்கு எடுப்பதில் ஒரு விதி உண்டு. நீவி முடிந்ததும் போகிறவர் 'வரேன்' என்று சொல்லக்கூடாது. சொன்னால் சுளுக்கும் கூடவே திரும்பி வந்துவிடுமாம். பேசாமல் எழுந்து போய்விட வேண்டும்.

எங்களுக்குக் கீழ்வீட்டில் ஒருவர் இருந்தார். குடியிருப்பு முழுக்க அவரை நைனா என்றுதான் கூப்பிடும். ஐம்பது வயதிருக்கும். பெண்டாட்டி இறந்து வெகுநாளாகியிருந்தது, பிள்ளை கிடையாது. அவருக்கு இருந்ததெல்லாம் ஒரு பெண் குரங்குதான். குட்டியிலிருந்து வளர்த்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் தெருத்தெருவாக அதைக் கூட்டிப் போய் வித்தை காட்டிப் பிழைத்தவர். குரங்கு, கரடி எதையும் வைத்து வித்தை காட்டக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு, தண்டையார்பேட்டையில் ஒரு குடோனில் பகல் வாட்ச்மேனாகச் சேர்ந்துவிட்டார். குரங்கை மட்டும் விடவில்லை. வீட்டில் வைத்திருப்பதே தப்பு என்று அவருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். காக்கிச்சட்டை எது தெருமுனையில் தெரிந்தாலும் யாராவது ஒருத்தி போய் அவர் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு வருவாள்.

அதை அவர் 'மவளே' என்று கூப்பிடுவார். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் வாசலில் உட்கார்ந்து, எங்களுக்காக மட்டும், பழைய வித்தையில் ஒன்றிரண்டைக் காட்டச் சொல்வார். அம்மா வூட்டுக்கு எப்டி போவ என்று கேட்டால் குதித்துக் குதித்து ஓடும். மாமியார் வூட்டுக்கு எப்டி போவ என்று கேட்டால் ஒரு கையைத் தலையில் வைத்துக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்து நொண்டி நடக்கும். சிரித்து மாளாது. அங்கே இருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் மாமியார் உண்டு, எனக்கும் உண்டு. நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பேன்.

ஐப்பசி மழை ஆரம்பித்த சமயம் என் பெண்கள் மூச்சு வாங்க மாடி ஏறி வந்து, நைனா சொல்லாமலேயே அது மாமியார் வீட்டு நடை நடக்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தோம். ஆமாம், யாரும் கேட்காமல் அதுவாகவே இடது காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தது. கையைத் தலையில் வைக்கவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. வேலையை விட்ட பிறகும் தொழிலை மறக்கவில்லை பாருங்கள் என்று எல்லாருக்கும் வேடிக்கை. என் சின்னவள் வேர்க்கடலை கொடுத்தாள். அது நொண்டிக்கொண்டே வந்து வாங்கிக்கொண்டது. மறுநாள் எதிர்வீட்டுப் பிள்ளைகளும் கடலை கொண்டுவந்தார்கள்.

ஒரு மாதம் இப்படியே போனது. ஒரு ஜீவன் வலி தாங்காமல் காலை இழுக்கிறது, நாங்கள் சுற்றி நின்று கைதட்டிக் கடலை கொடுத்தோம். இத்தனை வருடம் கழித்தும் இந்த ஒரு வரியை எழுதும்போது கை கூசுகிறது.

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் நைனா அதைத் தோளில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். முட்டிக்குச் சற்று மேலே வீங்கியிருந்தது. சின்ன எலுமிச்சங்காய் அளவு இருக்கும். நாலைந்து வாரத்துக்கு முன்னால் சன்ஷேடிலிருந்து வழுக்கி விழுந்ததாகச் சொன்னார்.

"டீச்சரம்மா, காலு வீங்கிகினு கீது. மாட்டாஸ்பத்திரிக்கு இட்டுனு போலாம்னு பாக்கறேன். ஆனா அங்க புடுங்கிகினாங்கன்னா இன்னா பண்றது?"

அவர் என்னிடம் அனுமதி கேட்கவில்லை, யோசனைதான் கேட்டார். போய்த்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லியிருந்தால் போயிருப்பார். நான் வீக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். ஏதோ தெரிந்தவள் மாதிரி தலையை ஆட்டினேன்.

"சுளுக்குதான் நைனா. ஆஸ்பத்திரி எதுக்கு? நான் பாத்துக்கறேன்."

முதல் நாள் அது பல்லைக் காட்டியது. நைனா கயிற்றை ஒரு சுண்டு சுண்டினார், அடங்கிவிட்டது. அவர் மடியில் அதைப் படுக்க வைத்துக்கொள்ள, நான் எதிரில் உட்கார்ந்து தொடையிலிருந்து கணுக்கால் வரை நீவினேன். எண்ணெயில் முடியெல்லாம் படிந்து கால் குச்சியாகத் தெரிந்தது. அது சீலிங்கைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தது. ஒரு தடவை மட்டும் என் வளையலைப் பிடித்துக்கொண்டது. முடிந்ததும் நைனா பேசாமல் எழுந்து போய்விட்டார். விதி அவருக்கும் தெரியும்.

மூன்று நாளில் சரியாகும் என்று சொன்னேன், ஆகவில்லை. ஒரு வாரம் என்றேன். பிறகு, குரங்கு ஓரிடத்தில் நிற்காத பிராணி, அதனால் நாளாகும் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். வீக்கம் பெரிதானது. தொட்டால் சூடாக இருந்தது. சூடு இருந்தால் ரத்தம் ஓடுகிறது, நல்லதுதான் என்று சொன்னது இந்த அறிவியல் டீச்சர்தான். இன்னும் அழுத்தி நீவினேன்.

பத்துப் பதினைந்து நாளில் அதற்கே பழகிவிட்டது. நான் எண்ணெய்க் கிண்ணத்தைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டதும் தானாக நகர்ந்து வந்து, உட்கார்ந்து, இடது காலை என் பக்கம் நீட்டும். பார்த்தவர்களெல்லாம் ஆச்சரியப்பட்டார்கள். நைனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. என்னை நம்புகிறது என்று எனக்கும் பெருமை தாங்கவில்லை. நம்பிக்கையாவது ஒன்றாவது. சொன்னதைச் செய்யாவிட்டால் கயிறு இழுக்கும் என்று அதற்குக் குட்டியிலிருந்தே தெரியும். வலிக்கிற காலை வலிக்க வைக்கிறவளிடமே நீட்டுவது அது கடைசியாகக் கற்றுக்கொண்ட வித்தை. அதைக் கற்றுக்கொடுத்தது நான்.

பொங்கல் கழிந்து ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், என் கட்டைவிரலுக்குக் கீழே முருங்கைக்காயை ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நான் அப்படி ஒன்றும் பலமாக அழுத்தவில்லை. அதன் வாய் திறந்தது, குரல் வரவில்லை. பிறகு வந்த குரலில் என் பெண்கள் இரண்டு பேரும் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார்கள். கால் முட்டிக்கு மேலே மடங்கிக் கிடந்தது. நைனா என்னைப் பார்க்கவில்லை. துண்டை அவிழ்த்து அதன் கால் மேல் போட்டு மூடினார், ஏதோ மானத்தை மறைப்பது போல.

மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு நானும் அவரும் ஆட்டோவில் கிளம்பினோம். என் பழைய நூல் புடவையில் அதைச் சுற்றி, கைக்குழந்தை மாதிரி நான் மடியில் வைத்துக்கொண்டேன். யார் கேட்டாலும் குழந்தை என்று சொல்லிவிடலாம் என்பது நைனாவின் யோசனை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் அதன் விரல்கள் என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தன. நான் ஆஸ்பத்திரியில் சரியாகிவிடும் என்று நாலு முறை சொன்னேன், அவருக்குச் சொன்னேனா எனக்கே சொல்லிக்கொண்டேனா தெரியாது.

மாட்டாஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்ன வயதுக்காரர். புடவையை விலக்கிப் பார்த்தவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். சீட்டில் 'நாய், பெண், வயது பன்னிரண்டு' என்று எழுதினார். 'நான் குரங்கு எதையும் பார்க்கவில்லை, சரியா?' என்று எங்களிடம் கேட்டார். நைனா அவர் காலில் விழப் போனார். டாக்டர் அவரைத் தூக்கி நிறுத்திவிட்டு, காலுக்கும் நெஞ்சுக்கும் எக்ஸ்ரே எடுக்க வைத்து, அந்தப் படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

நானும் பார்த்தேன். ஒடிந்த இடத்தை விடுங்கள், அதற்கு மேலும் கீழும் எலும்புக்கு விளிம்பே இல்லை. தேய்ந்த தென்னந்துடைப்பத்தின் நுனி மாதிரி சிலும்பிக்கொண்டு நின்றது. நெஞ்சுப் படத்தில் அங்கங்கே வெள்ளையாகப் புள்ளிகள் இருந்தன.

டாக்டர் படத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார், "யாராவது காலை உருவி விட்டாங்களா? எண்ணெய் போட்டு நீவுறது, கட்டு கட்டுறது, அந்த மாதிரி?"

என் விரல் இடுக்கில் விளக்கெண்ணெய் வாசனை போகாமல் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் நைனா முந்திக்கொண்டார்.

"இல்ல சார். யாரும் கை வெக்கல."

எனக்காக அவர் அந்தப் பொய்யைச் சொன்னார். நான் அந்தப் பொய்க்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

எலும்பில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னார். நைனாவுக்கு முதலில் புரியவில்லை. கேன்சர் என்று சொன்னதும் புரிந்தது. குரங்குக்கா சார் என்று மட்டும் கேட்டார். நாய்களில் இதை நிறையப் பார்த்திருப்பதாகவும் குரங்கில் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்றும் டாக்டர் சொன்னார். நுரையீரலுக்குப் போய்விட்டதாம். இனி காலை எடுத்தும் பயனில்லை, ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடலாம், அதுதான் அதற்குச் செய்கிற நல்லது என்றார். நைனா புடவையோடு அதை வாரி எடுத்துக்கொண்டு வெளியே போய் ஆட்டோவில் உட்கார்ந்துவிட்டார்.

நான் மட்டும் நின்றேன். கேட்கப் பயமாக இருந்தது, கேட்காமல் போகவும் முடியவில்லை. விழுந்ததால் வந்ததா, அடி கிடி பட்டிருந்தால் இப்படி வருமா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"இல்லம்மா, அடிபட்டு வர்றது இல்ல இது. தானா வர்றது. யாரும் குடுத்தது இல்ல," என்றார்.

நீவியதால் வருமா என்று கேட்டேன். அவர் என் கையைப் பார்த்தார். அதனால் வராது என்றார். ஆனால் வந்த பிறகு நீவினால் பரவலாம் என்றார். உள்ளே அரித்துப்போன எலும்பு அப்பளமாக ஒடியும். எல்லாவற்றையும்விட, நாள் வீணாகும். மூன்று மாதத்துக்கு முன்னால், நொண்ட ஆரம்பித்த உடனே வந்திருந்தால் காலை எடுத்துவிட்டுப் பிழைக்க வைக்கப் பார்த்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். குரல் உயராமல்தான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

வலிக்கு ஒரு மருந்து கொடுத்தார். அதை வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தோம். பத்தொன்பது நாள் இருந்தது. முதல் நாலைந்து நாள் பழத்தைத் தின்றது, பிறகு முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தது. கால் பூசணிப்பிஞ்சு மாதிரி பளபளவென்று வீங்கி, உடம்பு சுருங்கிக்கொண்டே போனது. நைனா வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். கழுத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். கயிறு இல்லாமல் அது அந்த வீட்டில் இருந்தது அந்தப் பத்தொன்பது நாள்தான், அப்போது ஓடுவதற்குக் கால் இல்லை.

ஊசி போட்டுவிடலாம் நைனா என்று நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். தூங்கவெச்சா எழுந்துக்குமா என்று கேட்டார். இன்னொரு தடவை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது. அது வலியில் முனகுவது மேலே எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். என் பெண்கள் ரேடியோவைச் சத்தமாக வைப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கஞ்சி எடுத்துக்கொண்டு கீழே போனேன். பாயில் படுத்திருந்தது. கண்ணைத் திறக்கவில்லை. கஞ்சிக் கிண்ணத்தைத் தரையில் வைத்தேன். எவர்சில்வர் கிண்ணம், தினமும் எண்ணெய் எடுத்துவருகிற அதே கிண்ணம். அந்தச் சத்தம் கேட்டதும் அதன் உடம்பு அசைந்தது. கையை ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, மடங்கிப்போன அந்தக் காலை என் பக்கம் நீட்டியது. நீட்டிவிட்டு, நீவும்போது பார்ப்பது போலவே, சீலிங்கைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது.

நான் என் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். நைனா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தொடமாட்டேன், வேண்டாம், வேண்டாம் என்று அதனிடம் சொன்னேன். அதற்குத் தெரிந்த வார்த்தைகளில் வேண்டாம் என்பது கிடையாது. அது காலை மடக்கவே இல்லை. மத்தியானம் உயிர் போனபோதும் கால் அப்படியே நீண்டுதான் இருந்தது.

அதே புடவையில் சுற்றிக் கால்வாய் ஓரம் முள்ளுச்செடிகளுக்குப் பின்னால் புதைத்தோம். எலும்பு எப்படி ஒடிந்தது என்று கேட்டவர்களிடமெல்லாம், ஜன்னலிலிருந்து குதித்துவிட்டது என்று நைனா சொன்னார். ஒருவரிடம்கூட மாற்றிச் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து, பள்ளி விடுமுறை நாளில், நைனா மாடி ஏறி வந்தார். வழக்கமாகச் சுளுக்குக்காரர்கள் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. அந்த மாமியார் வீட்டு நடையை எப்படிக் கற்றுக்கொடுத்தார் என்று சொல்ல ஆரம்பித்தார். குட்டியாக இருந்தபோது நொண்ட வராதாம். அதனால் குச்சியால் இடது காலில், முட்டிக்கு மேலே, தினமும் அடிப்பாராம். வலியில் காலை இழுக்கும், அப்போது கேள்வியைக் கேட்டுக் கடலை கொடுப்பாராம். அப்படி ஒரு மழைக்காலம் முழுக்க அடித்திருக்கிறார். அவருடைய அப்பாவும் இப்படித்தான் பழக்கினாராம்.

சொல்லி முடித்துவிட்டு, குச்சி பிடித்த தன் வலது கையைப் பார்த்தார்.

"அத்தே எடம் டீச்சரம்மா. நான் அடிச்ச அத்தே எடம். அதனாலதான் வந்துச்சா? நீ படிச்சவ, சொல்லு."

அடிபட்டு வருவதில்லை, தானாக வருவது என்று டாக்டர் சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும். அப்போது நைனா ஆட்டோவில் இருந்தார். அந்த ஒரு வாக்கியம் அவரை முழுசாக விடுவித்திருக்கும். என்னைப் பாதிதான் விடுவிக்கும், மீதிப் பாதிக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். சொல்ல வாயெடுத்தேன். அந்த நிமிஷம் எனக்குள் ஒன்று நடந்தது. அது அவருடைய குச்சியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று மனசு ஆசைப்பட்டது. அவருடைய குச்சி என்றால் என்னுடைய கட்டைவிரல் இல்லை. அவ்வளவு சின்ன மனசு எனக்கு என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. நான் தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரிடம் எனக்காக ஒரு நொடி தயங்காமல் பேசிய மனிதர், என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புரிந்துவிட்டது போலத் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்தார். 'வரேன்' என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் எட்டு மாதம் அவர் அதே வீட்டில்தான் இருந்தார். படியில் தினமும் எதிரும் புதிருமாகப் பார்த்துக்கொண்டோம். ஒருநாள் கையில் காய்கறிப் பை இருந்தது, ஒருநாள் பெண்கள் கூட இருந்தார்கள், ஒருநாள் மழை வந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். ஒரு நாள் வீட்டைக் காலி பண்ணிவிட்டுப் போயிருந்தார். பேசின் பிரிட்ஜ் பக்கம் யாரோ பார்த்ததாகச் சொன்னார்கள். அங்கே போய் இரண்டு முறை தேடினேன். மூன்றாவது முறை போனபோது, அவர் குடியிருந்த இடத்தில் ஒரு பெண், அவர் செத்துப்போய்ப் பத்து நாள் ஆச்சு என்றாள். கடைசிக் காலத்தில் வலது கையால் எதையுமே செய்யமாட்டாராம், சோறுகூட இடது கையால்தான் அள்ளித் தின்பாராம். கையில் ஏதாவது சுளுக்கா என்று கேட்டால் இல்லை என்பாராம்.

நான் இப்போது யாருக்கும் நீவுவதில்லை. தானா வந்தது, நைனா. இந்த மூன்று வார்த்தையைச் சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.